லேசர் வைத்த வீட்டு வேப்பிலை

என் அம்மாவிடம் 'ஓட்டை' என்று நான் சொல்லியிருக்கவே கூடாது. ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த கூத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அம்மா கேட்டது சாதாரணக் கேள்வி. "புவனா மூஞ்சிக்கு அந்த டாக்டரம்மா என்னாடா செய்யப் போறாங்க?" அவ்வளவுதான். "நல்லா ஆயிடும்மா" என்று சொல்லிவிட்டு நான் சோற்றில் கை வைத்திருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால், கேட்டவர் எழுந்து போன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பேன். புவனேஸ்வரியைக் கல்யாணம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. என்னுடைய இந்தக் குணத்தை அவள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தொழில் ஜக்கார்டு அட்டை அடிப்பது. புடவைக் கரையில் மயில் வர வேண்டும் என்றால், தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அதைச் சொல்ல வேண்டும். அட்டைதான் சொல்லும். ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவதற்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போய், நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் சும்மா கிடக்கும். தூக்கிய நூலும் தூக்காத நூலும் சேர்ந்துதான் மயில். ஓட்டைகளை ரொம்ப நெருக்கி அடித்தால் அட்டை கிழிந்துவிடும். நடுவில் கெட்டியாக இடம் விட்டால்தான் அது நிற்கும். இவ்வளவும் தெரிந்த ஒருவனுக்கு லேசர் புரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிய வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"லேசர்னா ஒரு வெளிச்சம்மா. இவங்க வைக்கிற லேசர் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தண்ணின்னா உயிரு. எங்க தண்ணி இருக்குதோ அங்க போய்ச் சூட்டை இறக்கிடும். நம்ம தோல்ல பாதிக்கு மேல தண்ணிதானே? பட்ட இடம் ஆவியாப் போயிடும். ஆனா மூஞ்சி முழுக்க அப்படிச் சுடறதில்ல. முன்னெல்லாம் சுட்டாங்க, ஆற மாசக்கணக்கா ஆச்சு. இப்ப என் அட்டை மாதிரிதான். புள்ளி புள்ளியா ஓட்டை போடுவாங்க. ஓட்டைக்கு நடுவுல நல்ல தோல் அப்படியே இருக்கும். அந்த நல்ல தோலு பக்கத்து ஓட்டையைச் சட்டுனு மூடிடும். மூடறப்ப அடியில புதுசா நார் கட்டும். பள்ளம் மேல வரும்."

"மூஞ்சியில ஓட்டை போடறாங்களா?"

"அந்த மாதிரி ஓட்டை இல்லம்மா. மயிரிழையைவிடச் சின்னது. ஆயிரக்கணக்குல..."

"ஆயிரம் ஓட்டையா!"

நான் அடுத்த வாய் சோறு எடுப்பதற்குள் அம்மா எதிர்வீட்டுத் தேவேந்திரன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

புவனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மை போட்டது. ஆறினபோது இரண்டு கன்னத்திலும் மூக்கோரத்திலும் பள்ளங்களை விட்டுவிட்டுப் போனது. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய வேலையில் அது குறுக்கே வந்தது. காந்தி ரோட்டில் வசந்த் என்பவரின் பட்டுக்கடையில் அவள் 'லைவ்' செய்கிறாள். செல்போன் முன்னால் நின்று ஒவ்வொரு புடவையாக விரித்துக் காட்டி, உடம்பில் வைத்துக் காட்டி, கேட்பதற்குப் பதில் சொல்லி விற்க வேண்டும். கேமரா அவள் கழுத்துக்கு மேலே ஏறாது. அது வசந்த் போட்ட சட்டம் இல்லை, அவளே போட்டது. மலேசியாவிலும் கனடாவிலும் இருந்து புடவை வாங்குகிறவர்களுக்கு அவளுடைய குரல் தெரியும், கை தெரியும். 'கை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆவணி முதல் முகூர்த்த லைவுல மூஞ்சியோட நிக்கப் போறேன்னு வசந்த் அண்ணங்கிட்ட சொல்லிட்டேங்க" என்று ஒருநாள் அவள் சொன்னாள். "கை அக்காவுக்கு மூஞ்சியும் இருக்குதுன்னு ஒரு தடவையாச்சும் காட்டணும்."

டாக்டர் கலையரசி பொய் சொல்லாத மனுஷி. "முழுசாப் போகாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆழம் குறையும். முதல் தடவையில கொஞ்சம், அப்புறம் மாசம் போகப் போக இன்னும் கொஞ்சம். நாலஞ்சு தடவை வைக்க வேண்டியிருக்கும். ஆவணிக்குள்ள சிவப்பு அடங்கிடும், மேக்கப் போட்டு நிக்கலாம். ஆனா நம்ம நிறத்துக்கு ஒரு ஆபத்து இருக்கு. காயம் ஆறுறதுக்குள்ள வெயில் பட்டாலோ, கண்டதைப் பூசினாலோ, பொருக்கைப் பிய்ச்சாலோ, அந்த இடம் கறுத்துப் போயிடும். பள்ளத்தை எடுக்கப் போய்க் கறுப்பை வாங்கிக்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "வெயில் கூடாது, யாரும் தொடக்கூடாது, நான் தர்ற எண்ணெய்ப் பசை ஜெல்லியைத் தவிர எதுவும் பூசக்கூடாது. பார்த்துக்கிறது உங்க பொறுப்பு."

இதைவிட எளிமையான மூன்று விதிகள் உலகத்தில் உண்டா?

லேசர் வைத்த அன்று எனக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து ஓரமாக நிற்க விட்டார்கள். புவனாவின் கண்ணுக்குள் சின்ன உலோக மூடி வைத்தார்கள். தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பைத் துடைத்தார்கள். கருவியை வைத்து எடுக்கும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு சதுரம் விழுந்தது. சதுரத்துக்குள் வரிசையாகப் புள்ளிகள். அடுத்த சதுரம் மூலைக்கு மூலை சேர்ந்து உட்கார்ந்தது. முடி கருகுகிற வாசனை வந்தது. புகையை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"டாக்டர், ஒரு சதுரத்துல எத்தனை புள்ளின்னு நாமே மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"மாத்தலாம். நெருக்கி வைச்சா..."

"கிழிஞ்சிடும்! அட்டை மாதிரியே!"

"என்னங்க" என்றாள் புவனா, உதட்டை அசைக்காமல். "வெளிய போய் உக்காருங்க."

வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. தெரு முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. முதல் ஆள் சந்தனம் இழைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது ஆள் கையில் பாலேடும் மஞ்சளும். கற்றாழை மடலோடு ஒருத்தி. அம்மா திருநீற்றுச் சம்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அத்தனை பேருக்கும் ஒரே ஆசை, அந்த முகத்தைத் தொட வேண்டும். நான் வாசல்படியில் குறுக்கே நின்று, தோல் என்பது உடம்பின் மதில், இப்போது மதிலில் ஆயிரம் சந்து திறந்திருக்கிறது, எதைப் பூசினாலும் நேரே உள்ளே போகும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு" என்றாள் கற்றாழைக்காரி. "சாறு நேரா உள்ள எறங்கும்."

மறுநாள் காலையில் தேவேந்திரன் பாவு நீட்டினான். எங்கள் தெருவில் பாவு நீட்டினால் வீட்டுக்கு ஓர் ஆள் போயாக வேண்டும். பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துச் சீவி, அறுந்த இழைகளை முடிந்து, இளவெயிலில் காய வைப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி இறுகி இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அதனால் பத்துக் கை சேர்ந்து வேகமாக முடிக்கிற வேலை இது. கூப்பிட்டுப் போகாத வீட்டை அப்புறம் யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். நான் போவதாகத்தான் இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் புவனா படுக்கையில் இல்லை.

தெருவில் இருந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள்.

"புவனா! உனக்கு அறிவு இருக்குதா?"

"நம்ம வீட்ல இருந்து ஆள் வரலன்னா நல்லாவா இருக்கும்? நீங்க குளிச்சிக்கினு இருந்தீங்க."

உள்ளே ஓடிக் குடையை எடுத்துவந்து அவள் தலைக்கு மேலே பிடித்தேன். அவள் நகர நகர நானும் நகர்ந்தேன். சும்மா பிடிக்க முடியுமா? பாவு பிடித்திருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருக்கிறது, அது பட்டால் தோலில் கறுப்புச் சாயம் செய்யும் உயிரணுக்கள் பயந்து போய்ச் சாயத்தை அள்ளிக் கொட்டும், ஆறாத தோலில் அது கறையாக நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"ராஜவேலு, கொடையை எடுப்பா!" என்று தேவேந்திரன் அந்தக் கடைசியிலிருந்து கத்தினான். "பாவு மேல நெழலு வுழுது. கஞ்சி எப்படிக் காயும்?"

"இவ மூஞ்சி கறுத்துப் போவும்பா!"

"அதென்னா அப்படி மூஞ்சி?" என்று அவன் நேரே வந்தான். புவனா நிமிர்ந்தாள். துப்பட்டா நழுவியது. வீங்கிச் சிவந்த முகம், அதில் காப்பித்தூள் தூவினதுபோல் பழுப்புப் புள்ளிகள்.

தேவேந்திரன் கஞ்சி சீவுகிற பிரஷைக் கீழே வைத்தான். செருப்பைக் கழற்றினான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். "தாயே!" என்றான்.

"டேய், இது அம்மை இல்லடா."

"ஆடி மாசம்பா. வாயை அலம்பு."

"கட்டம் கட்டமா இருக்குது பாரு. அம்மை எங்கயாச்சும் கட்டம் போட்டுக்கினு வருமா?"

"அவ எப்படி வேணா வருவா" என்றான் அவன். பாவு பிடித்திருந்த மற்றவர்கள் இழையை விடாமலே ஓர் அடி பின்னால் போனார்கள்.

அன்றிலிருந்து தெரு இரண்டாகப் பிரிந்தது. அம்மை என்றது ஒரு கட்சி. லேசர் என்றது இன்னொரு கட்சி. அம்மைக் கட்சிக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. எனக்கு மண்டை காய்ந்தது லேசர் கட்சியால்தான். அவர்களை உண்டாக்கியதும் நான்தான். செல்போனில் படம் காட்டி, அட்டையைக் கையில் எடுத்துக் காட்டி, ஆள் ஆளாக நம்ப வைத்தேன். நம்பினவர்கள் அத்தனை பேரும் உடனே வீட்டுக்குள் வந்தார்கள். "லேசர்தானே, தொத்தாதே, எங்க காட்டு" என்று கையை நீட்டினார்கள். ஒருத்தி பொருக்கு பெயர்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கவே போய்விட்டாள். புவனா முகத்தைத் தலையணையில் மறைத்துக்கொண்டாள். நான் எவ்வளவு நன்றாக விளக்கினேனோ அவ்வளவு கூட்டம் வந்தது.

அடுத்த நாள் ஒரு வீட்டுக்கு அட்டை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் நிலைப்படியில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது. வாசலில் சாணம் தெளித்து மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "அம்மா! உனக்கு எத்தனை வாட்டி சொல்றது? தலை தலையா அடிச்சிக்கினு சொன்னேனே, இது அம்மை இல்லன்னு!" என்று கொத்தைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"கையை எடுங்க" என்று உள்ளிருந்து புவனாவின் குரல் வந்தது. "நான்தான் அத்தைய கட்டச் சொன்னேன்."

"நீயா? பி.காம் படிச்சிட்டு..."

"காலையில இருந்து எத்தினி பேருக்கு விளக்கம் சொன்னீங்க?"

"ஒரு... ஏழெட்டுப் பேருக்கு."

"எத்தினி பேரு உள்ள வந்தாங்க?"

நான் வேப்பிலைக் கொத்திலிருந்து கையை எடுத்தேன்.

"இப்ப தெருவைப் பாருங்க. யாராச்சும் வராங்களா?"

பார்த்தேன். கற்றாழைக்காரி எதிர்ச் சாரியில் நின்று கும்பிட்டுவிட்டு, மடலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஜன்னலுக்கு அம்மாவே துணி கட்டி இருட்டாக்கினாள். அம்மை கண்டவள் வெயிலில் தலை காட்டக் கூடாது. யாரும் தொடக் கூடாது. முத்துகளைச் சொறியக் கூடாது. சோப்பு கூடாது, சீப்பு கூடாது, பவுடர் கூடாது. இளநீரும் மோரும் குடிக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்து, நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி, ஒருவரும் காதில் வாங்காத அத்தனையும் ஒரு கொத்து வேப்பிலையில் நடந்தது. வேப்பிலை முகத்தில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர், போனில். ஜெல்லியைப் புவனா தானே பூசிக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"ஏம்மா, இது லேசர்னு உனக்கே தெரியும் இல்ல?" என்று கேட்டேன்.

"லேசரோ கீசரோ. ஆத்தா போட்ட முத்தை நீங்க அழிக்கப் பார்த்தீங்க. என்னா ஏதுன்னு பார்க்கத் திரும்பி வந்திருக்குறா."

கஷ்டம் எனக்குத்தான். வீட்டில் தாளிக்கக் கூடாது என்றதால் மூன்று வேளையும் மோர்ச்சோறு. அட்டை வாங்க ஒருவரும் படி ஏறவில்லை. அம்மை வீட்டு அட்டை தறிக்கு ஆகாதாம். தேவேந்திரன் தெரு நடுவில் நின்றுகொண்டு, "உன் மயிலுக்கு வாலு கோணிக்கினு போவுதுபா! அம்மைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் சரி பண்ணிக் குடு!" என்று கத்தினான். கோணினது என் அட்டை இல்லை, அட்டைகளை அவன் ஒன்றோடொன்று கோத்த வரிசை. அதைக்கூட நான் கத்தித்தான் விளக்க வேண்டியிருந்தது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நானும் யோசிக்கவில்லை, புவனாவும் யோசிக்கவில்லை. வசந்த் போன் செய்தபோதுதான் உறைத்தது.

"ராஜவேலு, புவனாவுக்கு அம்மையாமே? ஆவணி லைவுக்கு வேற பொண்ணு பார்த்து வைக்கட்டுமா? ஒரு பொண்ணு ரெடியா இருக்குது."

"அம்மை இல்லண்ணே, லேசர்."

"வேப்பிலை கட்டியிருக்குதுன்னு சொன்னாங்களே?"

"கட்டியிருக்குதுண்ணே. ஆனா அது..." என்று ஆரம்பித்தேன். அட்டை, தண்ணீர், ஆவி, தொடக்கூடாத தோல், லேசர் கட்சி எல்லாம் சொன்னேன். "அம்மை தழும்பு போடுமேப்பா" என்றார் கடைசியில். "மூஞ்சி காட்டற லைவு வேற."

புவனா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை தலைக்குத் தண்ணி ஊத்திடுவாங்க. திங்கக்கிழமை கடைக்கு வரேன். நீங்களே பார்த்துட்டுச் சொல்லுங்க."

"அப்படிச் சொல்லும்மா. தண்ணி ஊத்திட்டா சரி. ஊத்தாம மட்டும் கடைக்குள்ள வராத, எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

போனை வைத்த பிறகுதான் அவள் முகம் மாறியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் வெறும் தண்ணீர் இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, உச்சந்தலையிலிருந்து பூசி, வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். பொருக்கு உதிர்ந்து கொண்டிருந்த முகத்தில், பிறந்த குழந்தைத் தோல்போல இளஞ்சிவப்பாக வந்திருந்த இடங்களில், அரைத்த மஞ்சள். எரிச்சல் கண்டால் அந்த இடம் கறுக்கும். கறுத்தால் திங்கட்கிழமை வசந்த் பார்ப்பது அதைத்தான்.

"கழட்டிடலாங்க வேப்பிலையை" என்றாள் சின்னக் குரலில்.

"தண்ணி ஊத்தாம கழட்டினா கடைக்குள்ள விட மாட்டாங்கன்னு இப்பத்தானே சொன்னாரு."

"அப்ப என்னதான் பண்றது? எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லுவீங்களே, இதுக்குச் சொல்லுங்க!"

டாக்டருக்குப் போன் செய்தேன். "மஞ்சளா? வேண்டவே வேண்டாம்" என்றார்.

"டாக்டர், நீங்க குடுத்த ஜெல்லியைக் கனமா அப்பிட்டா? எண்ணெய்ப் பசையில தண்ணி ஒட்டாதே. வழுக்கிக்கிட்டுப் போயிடும் இல்ல?"

"அவங்க கையால தேய்க்கக் கூடாது" என்றார். "பட்டதும் உள்ள கூட்டிட்டுப் போய், ஈரப் பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்துடுங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஞாயிறு காலையில் வாலாஜாபாத்திலிருந்து காவேரி சின்னம்மா வந்து இறங்கினாள். என் அம்மாவின் தங்கை. எங்கள் சொந்தத்தில் யாருக்கு அம்மை போட்டாலும் தண்ணீர் ஊற்ற அவள்தான் வர வேண்டும். அம்மியில் அவள் மஞ்சள் அரைத்த வேகத்தைப் பார்த்து நான் கிட்டே போய் நின்றேன்.

"சின்னம்மா, உடம்புக்குப் பூசு, தலைக்குப் பூசு. மூஞ்சியை மட்டும் விட்டுடு. ஏன்னா அந்தத் தோலு..."

"ராஜவேலு, நீ அட்டையில ஓட்டை போடு. இதுல வாயைப் போடாத."

புவனா கொல்லைப்புறம் வந்தாள். முகம் முழுக்க விரல் தடிமனுக்கு ஜெல்லி. வெயிலில் பளபளத்தது.

சின்னம்மா வாயைப் பிளந்தாள். "என்னாடி இது? வெண்ணெக்காப்பு பூசின ஆஞ்சநேயர் மாதிரி!"

"டாக்டர் மருந்து சின்னம்மா. முத்து ஆறறதுக்கு."

"வழிச்செறி. நான் பூசற எடத்துல இது எதுக்கு?" என்று சின்னம்மா மஞ்சள் விழுதை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு கிட்டே போனாள்.

நான் வாயைத் திறந்தேன். புவனா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"சின்னம்மா" என்றாள் அவள் மெதுவாக. "முத்து மேல கையை வைக்கலாமா?"

சின்னம்மாவின் கை நின்றது. அம்மை முத்தின் மேல் மனுஷக் கை படக் கூடாது. அது சின்னம்மா ஊருக்கே சொல்லிக் கொடுத்த சட்டம். உள்ளங்கையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, "ஆமா காவேரி, தழையால ஒத்து" என்றாள்.

சின்னம்மா ஒரு வேப்பிலைக் கொத்தை விழுதில் தோய்த்து, ஜெல்லியின் மேல் பட்டும் படாமலும் ஒத்தினாள். பிறகு தலையில் செம்பு செம்பாகத் தண்ணீர். நான் சொன்ன மாதிரியே தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஜெல்லி மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். குழம்பில் மேலே மிதக்கிற எண்ணெய் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று புவனாவுக்கே ஒருநாள் அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன். தண்ணீரைத் தடுக்க நான் போட்ட சுவர் மஞ்சளை அழைத்து உள்ளே உட்கார வைத்துக்கொண்டிருந்தது.

"போதும் சின்னம்மா, குளிருது" என்று புவனா எழுந்தாள். நான் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினேன். பஞ்சை நனைத்து, தேய்க்காமல், ஒத்தி ஒத்தி எடுத்தேன். முதல் பஞ்சு முழுக்க மஞ்சள். இரண்டாவதும். பிறகு வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசிப் பஞ்சு வெள்ளையாக வந்தபோது அடியில் தோல் இளஞ்சிவப்பாகவே இருந்தது. மஞ்சள் ஜெல்லியோடே நின்றிருக்கிறது. ஜெல்லியைக் கனமாக வைத்ததால் தோல் வரைக்கும் போக நேரம் கிடைக்கவில்லை.

"இங்க எரியுதுங்க" என்றாள், காதோரத் தாடையைக் காட்டி. அங்கே ஜெல்லி மெல்லிசாக இருந்திருக்கிறது. ஒரு சுண்டைக்காய் அளவுக்குச் சிவந்திருந்தது. மறுநாள் அது பழுப்பானது.

திங்கட்கிழமை வசந்த் அவளை வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தார். பழுப்புப் புள்ளியைப் பார்த்தார். "இது ஒண்ணுதானா?" என்றார். "தண்ணி நல்லா ஊத்தியிருக்காங்க. ஆவணிக்கு நீயே நில்லு." அவருடைய அம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவளுக்குத் திருநீறு வைத்துவிட்டாளாம், நெற்றியில் மட்டும்.

ஆவணி முதல் முகூர்த்தம். அம்மாவும் நானும் வீட்டில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தோம். கேமரா வழக்கம்போல ஒரு மாம்பழ மஞ்சள் புடவையில் ஆரம்பித்தது. கை வந்தது. முந்தானையை விரித்தது. பிறகு படம் மெதுவாக மேலே ஏறியது. கழுத்தைத் தாண்டியது.

புவனா நின்றாள். கன்னத்துப் பள்ளங்கள் போய்விடவில்லை. விளிம்பு மழுங்கி, வெளிச்சம் விழும்போது முன்போலக் கறுப்பு நிழல் தேங்காமல் இருந்தன. தாடையில் அந்தப் பழுப்புப் புள்ளி இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"கை அக்கா, நீங்களா?" என்று ஒரு வரி கீழே ஓடியது. பூவும் இதயமுமாகப் படங்கள் ஏறின. அடுத்த வரி: "அக்கா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முந்தானை தெரியல."

"இவங்களுக்காகத்தானா இவ்ளோ பாடு!" என்று நான் எழுந்தே விட்டேன்.

புவனா அந்த வரியைப் படித்தாள். நகரவில்லை. புடவையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தாள். "முந்தானை எங்கயும் ஓடிடாது கண்ணு" என்றாள். "ரெண்டு வருஷமா அதைத்தானே பார்த்துக்கினு இருந்தீங்க. ஒரு நிமிஷம் என்னைப் பாருங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காவேரி ஊத்தின தண்ணி வீண் போவல பாரு."

"அம்மா, அது தண்ணி இல்ல. தோலுக்கு அடியில புதுசா நார் கட்டும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்குதா? அந்த நாரு..."

"சத்தம் போடாதடா" என்றாள் அம்மா. "அவ பேசறது கேக்கல."